கொண்டைக்கடலை அளவுக் கல்

சல்லடைக்கடை சிந்தா மதார் ஹஜ்ஜுக்குப் போய் ஷைத்தானுக்குக் கல்லெறியாமலேயே திரும்பி வந்துவிட்டார் என்கிற செய்தி கோவில்பட்டியில் பிறந்ததல்ல, ஷார்ஜாவில் பிறந்தது. அங்கே தொழிலாளர் விடுதி ஒன்றில் எட்டயபுரத்துக்காரர் ஒருவர் யாரோ சொன்னதாகச் சொல்ல, புதூர்க்காரர் ஒருவர் அதற்குக் கை கால் வைக்க, கயிற்றுக்கடை சௌந்தரபாண்டியனின் மகன் வெள்ளிக்கிழமை டெலிபோனில் அதை அப்பாவிடம் ஒப்பித்துவிட்டான். கயிற்றுக்கடைக்கும் சல்லடைக்கடைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். கடல் தாண்டி வந்த செய்திக்குச் சுவர் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும்?

“என்ன வே பாய், எறிய வேண்டிய கல்லப் பூராம் பொட்டலம் கட்டி ஊருக்கே கொண்டாந்துட்டீராமே? மகன் சொல்லுதான்.”

சிந்தா மதார் அப்போது ஓர் உளுந்துச் சல்லடையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் கண்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். சல்லடையை இறக்காமலே கேட்டார்.

“அப்படியா சொல்லுதாவ?”

“ஆமாங்கேன். இல்லன்னு ஒரு வார்த்த சொல்லும். நான் மகன்கிட்டச் சொல்லுதேன், அவன் அங்கன நாலு பேருகிட்டச் சொல்லட்டும்.”

“கெடக்கட்டும் அண்ணாச்சி. இந்தா, இந்தக் கம்பி லேசா வெலகியிருக்கு பாருங்க.”

சௌந்தரபாண்டியனுக்கு அது பெரிய ஏமாற்றம். சிந்தா மதார் எதையும் மறுக்காமல் விடுகிற ஆள் இல்லை. பசுவந்தனை பஸ் இத்தனை மணிக்கு என்று நீங்கள் சொன்னால், இல்லை என்பார். நேற்றுப் பெய்தது நல்ல மழை என்றால், அது மழையா என்பார். கல்யாண வீட்டில் பிரியாணிக்கு உப்புச் சரியாக இருக்கிறது என்று பத்துப் பேர் சொன்னால், பதினொன்றாவதாக உட்கார்ந்து ஒரு வாய் அள்ளிவிட்டுத் தலையை ஆட்டுவார். அப்படிப்பட்டவர் தன்னைப் பற்றி வந்த பொய்யைத் தட்டாமல் விட்டார் என்றால், அதில் ஏதோ இருக்கிறது என்றுதானே கடைத்தெரு நினைக்கும்? நினைத்தது.

சிந்தா மதாருக்கு அறுபதை ஒட்டிய வயது. ஒடிசலான உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு குறடு. கடை என்று பெயர்தானே தவிர, முக்கால்வாசி இடத்தைச் சல்லடைகளும் சாக்குக் கட்டுகளும் பிடித்துக்கொள்ள, மிச்சத்தில் அவரும் ஒரு முக்காலியும். கம்புக்கு ஒரு சல்லடை, பாசிப்பயறுக்கு ஒன்று, கொத்தமல்லிக்கு ஒன்று, தீப்பெட்டி ஆபீசில் மருந்து சலிக்கிற பட்டுத்துணிச் சல்லடை ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, எது எதற்கு என்று சொல்வார். அது திறமை. அந்தத் திறமையால் வந்த குணம் வேறு: உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரு சரியான அளவு உண்டு என்றும், அது தனக்குத் தெரியும் என்றும் அவர் நம்பினார்.

பசுவந்தனை அழகிரிசாமி வருஷா வருஷம் உளுந்து எடுக்கிற காலத்தில் வந்து வழக்குப் பேசுவார்.

“பாய், போன வருசம் வாங்கிட்டுப் போன சல்லடையில பொடி உளுந்தும் நின்னுக்கிடுதே.”

“நிக்காது. ஈர உளுந்தப் போட்டுச் சலிச்சிருப்பீய.”

“ஈரம் கொஞ்சம் இருக்கத்தான செய்யும்? மழைய நானா பெய்யச் சொன்னேன்?”

“அப்போ மழையக் கொற சொல்லுங்க. எஞ் சல்லடையச் சொல்லாதீய. அதுல ரெண்டே வழிதான். ஒண்ணு விழணும், இல்லாட்டி நிக்கணும். விழுந்தும் விழாம தொங்குறதெல்லாம் கெடையாது.”

அழகிரிசாமி இன்னொரு சல்லடை வாங்கிக்கொண்டுதான் போவார். போகும்போது சௌந்தரபாண்டியனைப் பார்த்து, “இந்த ஆளு வீட்டுல அந்த அம்மா எப்படித்தான் காலந் தள்ளுதோ” என்பார். சிந்தா மதாருக்கும் கேட்கும்படிதான் சொல்வார்.

ஊரிலிருந்து ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு நோன்புப் பெருநாள் கழிந்ததும் பள்ளிவாசல் மாடியில் வகுப்பு நடக்கும். அங்கே தொழுகை நடத்துகிற ஹஜ்ரத் ஒரு நாற்காலியை நடுவில் போட்டு, அதைச் சுற்றிவரச் சொல்லித் தவாஃப் பழக்குவார். இரண்டு தூணுக்கு இடையே நடத்தி ஸயீ பழக்குவார். இஹ்ராம் துணியை இடுப்பில் நிற்கிற மாதிரி கட்டக் காட்டிக் கொடுப்பார். ஷைத்தானுக்குக் கல்லெறிகிற பாடம் வரும்போது மட்டும் மூன்று எண்ணெய் டின்களை வரிசையாக வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு பொட்டலம் கொண்டைக்கடலை கொடுத்துவிட்டு, “மதார் பாய், வாங்க” என்று ஒதுங்கிக்கொள்வார்.

சிந்தா மதாரின் வேலை கூட்டமாக இருப்பது. ஒரே ஆள், நாலைந்து சாக்குக் கட்டுகளையும் துணைக்கு வைத்துக்கொண்டு, எறிய நிற்பவரைப் பின்னாலிருந்து நெருக்குவார், இடிப்பார், தோளால் முட்டுவார். முட்டுகிற முட்டில் கையிலிருக்கும் கடலைப் பொட்டலத்தைத் தட்டிவிடுவார். யாரானாலும் உடனே குனிவார்கள். குனிந்ததும் முதுகில் ஒரு தட்டு விழும்.

“குனிஞ்சாச்சு! ஆளு காலி! அடுத்த ஆளு வாங்க!”

கூடம் சிரிப்பில் அதிரும். கறிக்கடைக்காரர் ஒருவர் தொந்தியைத் தூக்கி நிமிர்த்திக்கொண்டு, “கடல மிதிபட்டு வீணாப் போகுதேன்னு எடுத்தேன் பாய்” என்றார் ஒருமுறை.

“கடலைக்கா வே உசுர விடுவீரு? செருப்பு கழண்டா விடும். கண்ணாடி விழுந்தா விடும். கல்லு விழுந்தா அதையும் விடும். ரோட்டோரத்துல ஏழு கல்லுக்கா பஞ்சம்? பெண்டுகளக் கூட்டிட்டுக் காலையிலயே ஓடாதீய. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் போங்க. முடியாதவங்க ஆள வச்சு எறியுங்க, மார்க்கத்துல எடமிருக்கு. முந்தி எறிஞ்சு யாருகிட்டக் கைதட்டு வாங்கப் போறீய?”

திரைக்குப் பின்னால் இருக்கும் பெண்களுக்கும் கேட்க வேண்டும் என்று கடைசி வார்த்தைகளைக் கத்தித்தான் சொல்வார். சிலருக்கு அது பிடிக்காது. சல்லடைக்கடைக்காரர் சோம்பேறி ஹஜ் சொல்லிக்கொடுக்கிறார் என்று படியிறங்கும்போது பேசிக்கொள்வார்கள். ஷார்ஜாச் செய்தி வந்தபோது, அதுதானே பார்த்தேன் என்று அவர்கள் தலையாட்டியதில் வியப்பில்லை.

இந்தப் பாடத்தை இத்தனை ஆண்டுகளில் ஊரில் பாதிப் பேர் கேட்டிருப்பார்கள். கேட்காத ஒருவர் அவர் மனைவி செய்யதம்மாள். அவர் இருக்கும்போது இந்தப் பேச்சு வீட்டில் வராது.

இருவரும் தொண்ணூறுகளின் கடைசியில் ஹஜ்ஜுக்குப் போனார்கள். பெட்டியில் ஊறுகாய், அவல், மருந்து எல்லாம் வைத்த பிறகு, சிந்தா மதார் ஒரு சின்னக் கொண்டைக்கடலைச் சல்லடையையும் துணிகளுக்கு நடுவே செருகினார். ஷைத்தானுக்கு எறிகிற கல் கொண்டைக்கடலை அளவு இருக்க வேண்டும் என்று ஹஜ்ரத் சொல்லியிருந்தார். அளவு என்று யாரோ ஒரு சொல்லைச் சொன்னால் அவரால் சும்மா இருக்க முடியுமா?

கரிசல் காட்டில் குனிந்து அள்ளினால் கையில் மண்தான் ஒட்டும். கல் என்பது வேறெங்கிருந்தோ லாரியில் வந்து இறங்குகிற பொருள். ஆகவே எறிவதற்கு முந்தின இரவு தங்குகிற முஸ்தலிஃபா வெளியில் எல்லோரும் கல் பொறுக்கத் தொடங்கியதும், நம் ஊர்க்காரர்களுக்கு அது ஏதோ கிடைத்தற்கரிய பண்டம் போலத் தோன்றியது. சிந்தா மதார் சல்லடையை எடுத்தார். பொடி கீழே விழ, பெரியதைக் கையால் விலக்க, மிஞ்சியது அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில் நின்றது. குழுவில் வந்தவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். அவர் வாழ்நாளிலேயே அத்தனை மகிழ்ச்சியாக இருந்த பொழுது அதுதான் என்று சொல்ல வேண்டும். கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரு சட்டமும் சேர்த்துக் கொடுத்தார்.

“பத்திரம். இங்கன பொறுக்குன கல்லுதான் கணக்கு. இது போச்சுன்னா வேற கல்ல எறிஞ்சாக் கூடாது. ஹஜ்ஜே கூடாது, செல்லாமப் போயிரும், பாத்துக்கிடுங்க.”

முஸ்தலிஃபாவில் பொறுக்குவது வழக்கம் என்றுதான் ஹஜ்ரத் சொன்னார். வழக்கத்தைச் சட்டமாக்கியது சிந்தா மதார். அதை மற்றவர்கள் பாதி காதில் வாங்கினார்கள். செய்யதம்மாள் முழுதாக வாங்கிக்கொண்டார். கணவர் சொன்னதை முழுதாக வாங்கிப் பழகியவர்.

ஷைத்தான் தூண்கள் இருக்கிற மினாவுக்கு வந்ததும், குழுவோடு வந்திருந்த ஹஜ்ரத், “பெண்டுகள் இருக்காவ, வெயில் தாந்து அசருக்கு மேல போவோம்” என்றார். கூடாரத்தில் எல்லோரும் சாய்ந்துவிட்டார்கள். சிந்தா மதார் மட்டும், முந்தி எறிந்தால்தான் சிறப்பு என்று மனைவியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். தூணை நெருங்கும்போது எதிரிலிருந்து திரும்புகிறவர்களின் அலை ஒன்று மோதியது. செய்யதம்மாளின் கையிலிருந்து கல் பை நழுவியது. அவர் குனிந்தார்.

கூட்டத்துக்கு நிற்கத் தெரியாது. யாரோ ஒரு நெடிய கறுப்பு மனிதர், பாஷை தெரியாத மனிதர், கத்திக்கொண்டே கையை நீட்டித் தடுத்து, சிந்தா மதாரோடு சேர்ந்து செய்யதம்மாளை மேலே இழுத்துப் போட்டார். உயிர் தப்பியது. தரையில் ஊன்றியிருந்த வலது கை மட்டும் எத்தனை கால்களைத் தாங்கியது என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் செய்யதம்மாள் கையைப் பார்க்கவில்லை.

“கல்லு போச்சுங்க” என்றார்.

மாலையில் ஹஜ்ரத் வந்து, “அவியளுக்கு நான் எறியுதேன். நீங்க ஒங்களுக்கு எறியணும், எந்திரிங்க” என்று சிந்தா மதாரைக் கூட்டிப் போனார். போகும் வழியில் ஹஜ்ரத் சாலையோரம் குனிந்து சாதாரணமாக ஏழு கல்லைப் பொறுக்கினார். 

“ஹஜ்ரத், அது முஸ்தலிஃபாக் கல்லு இல்லயே?”

“எங்கன பொறுக்குனா என்ன பாய்? கல்லு கல்லுதான்.”

தூணருகே கூட்டம் வடிந்திருந்தது. ஒரு கிழவர் ஊன்றுகோலோடு வந்து, நின்று, ஒவ்வொன்றாக எறிந்துவிட்டு, மெதுவாகத் திரும்பிப் போனார். சிந்தா மதார் கைக்கெட்டும் தூரத்தில் போய் நின்று எறிந்தார். யாரும் இடிக்கவில்லை. அத்தனை லேசாக இருந்தது அது. காலையில் அவசரப்பட்டு எதை வாங்க வந்தாரோ, அது மாலையில் ஆளில்லாமல் கிடந்தது.

ஷார்ஜாச் செய்தியை அவர் மறுக்காததற்குக் காரணம் இதுதான். எறிந்தேன் என்று சொல்ல வாயெடுத்தால், எப்போது எறிந்தீர் என்று கேட்பார்கள். எப்படி இருந்தது என்று கேட்பார்கள். எறியவே இல்லை என்கிற பொய் அதைவிட அவருக்குச் சுமக்க எளிதாக இருந்தது.

ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் செய்யதம்மாள் கேட்டார்.

“எனக்கு ஹஜ்ரத் எந்தக் கல்ல எறிஞ்சாவ?”

“நல்ல கல்லுதான்.”

“முஸ்தலிஃபாக் கல்லா?”

“ஏட்டி, எறிஞ்சாச்சுல்லா? ஒன் ஹஜ்ஜு கூடிட்டு. ஹஜ்ரத்தே சொல்லிட்டாவ.”

“எம் மனசு நோவக்கூடாதுன்னு சொல்லுதீய” என்று செய்யதம்மாள் எழுந்து போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஹஜ் கூடிவிட்டது என்றுதான் சிந்தா மதார் சொன்னாரே ஒழிய, அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்று சொல்லவில்லை. முன்பு சொன்ன சட்டம் அப்படியே நிற்க, அதன் மேல் ஆறுதலை வைத்தால் எப்படி நிற்கும்? தப்பு என்கிற சொல்லை அவர் பிறரைப் பற்றி நாள் முழுக்கச் சொல்வார். தன்னைப் பற்றிச் சொல்ல அந்த நாக்குக்குப் பழக்கமில்லை.

நாக்குக்குப் பதில் கை வேலை செய்தது. செய்யதம்மாளின் வலது கை விரல்கள் மடங்காமல் போய்விட்டன. இரண்டு விரல் இடுக்கில் ஸ்பூனை வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார். மீன் குழம்பு வைக்கிற நாளில் சிந்தா மதார் முதலில் தன் தட்டைத் தொடமாட்டார். மனைவி தட்டிலிருக்கும் மீனை எடுத்து, சல்லடையைப் பார்க்கிற அதே பார்வையோடு ஒரு முள் விடாமல் உருவி, சதையை மட்டும் தட்டோரம் வைத்துத் தள்ளுவார். பேச்சு இருக்காது. அவர் நன்றி சொன்னதும் இல்லை, இவர் எதிர்பார்த்ததும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் இதைப் பார்த்துவிட்டுத் தங்கள் கணவன்மாரிடம் போய்ச் சண்டை போட்டார்கள் என்று கேள்வி.

மகன் அப்பாஸ் தம்மாமில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறான். இந்த வருஷம் விடுப்பில் வந்தவனிடம் செய்யதம்மாள் ஒன்றே ஒன்று கேட்டார்.

“உம்மாவுக்கு ஒரு ஹஜ்ஜு பாக்கி கெடக்கு அப்பாஸு.”

“கடமை ஒரு தடவதானட்டி? அது முடிஞ்சிட்டுல்லா?” என்றார் சிந்தா மதார்.

“ஒங்களுக்கு முடிஞ்சிட்டு” என்றார் செய்யதம்மாள்.

அப்பாஸ் ஒரு குழுவில் தனக்கும் உம்மாவுக்கும் இடம் பிடித்தான். நீங்களும் வாருங்கள் வாப்பா என்று கூப்பிட்டான். கடையைப் பார்க்க ஆளில்லை என்றார் இவர். கூடப் போனால் மறுபடியும் ஏதாவது சொல்லித் தொலைப்போம் என்கிற பயம் என்று அவர் யாரிடம் சொல்வார்?

கோவில்பட்டி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது தன் தப்பைச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினார். பிளாட்பாரத்தில் மகன் தண்ணீர் வாங்கப் போன நேரம் வாய்த்தது. அதற்குள் செய்யதம்மாள் தன் இடது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். நாடா வைத்துத் தைத்த ஒரு வெறும் துணிப் பை அதில் ஆடிக்கொண்டிருந்தது.

“இந்தத் தடவ இப்படிச் சுத்திக் கட்டிக்கிடுதேன். விழாது. விழுந்தாலும் விடமாட்டேன்.”

சிந்தா மதார் வாயைத் திறந்தார்.

“தண்ணி நெறைய குடி” என்றார்.

ரயில் வந்துவிட்டது.

மக்காவிலிருந்து இரண்டு மூன்று முறை அப்பாஸ் பேசினான், உம்மாவிடமும் கொடுத்தான். சுற்றிலும் ஆட்கள், போன் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிற அவசரம். சாப்பிட்டியா, தூங்குனியா என்பதற்கு மேல் ஓடவில்லை. நேற்று பேசும்போது அப்பாஸ் போகிறபோக்கில் சொன்னான்: “நாளைக்குக் காலையிலயே எறிஞ்சிருவோம் வாப்பா. குழுவுல சாயங்காலம் போலாங்கிறாங்க. உம்மாதான் கேக்க மாட்டேங்கிறாவ. முந்தி எறிஞ்சாத்தான் சிறப்புன்னு நீங்க சொல்லிருக்கீயளாமே?”

சரிப்பா என்று சொல்லி வைத்துவிட்டார். வைத்த பிறகுதான், எதற்குச் சரி என்று சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

இன்று அங்கே பெருநாள். இங்கே பெருநாளுக்கு இன்னும் பொழுது இருக்கிறது; மார்க்கெட் ரோட்டில் ஆடுகளைப் பிடித்துக்கொண்டு விலை பேசுகிறார்கள். மார்கழிக் காற்றுக்குச் சாக்குக் கட்டுகளின் தூசி கிளம்புகிறது. சிந்தா மதார் காலையிலிருந்து கடையில் ஒரு சல்லடையையும் தொடவில்லை. மகன் வாங்கிக்கொடுத்த செல்போனை அழுத்துகிறார், காதில் வைக்கிறார். மணி போகிறது, எடுக்க ஆளில்லை. கடைசியில் ஒரு பெண் அரபியில் ஏதோ சொல்கிறாள். அரபி என்பதால் பாதியில் துண்டிக்க மனம் வராமல் முழுவதும் கேட்டுவிட்டுத்தான் மறுபடி அழுத்துகிறார்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சௌந்தரபாண்டியன் எட்டிப் பார்த்தார்.

“என்ன வே, போனும் கையுமா? ஆடு பிடிக்கப் போகலியா?”

“மகன் எடுக்க மாட்டேங்கிறான் அண்ணாச்சி.”

“கூட்டத்துல எங்கன கேக்கும்? என்ன சேதின்னு எங்கிட்டச் சொல்லும். ஷார்ஜாவுல எம் மகன்கிட்டச் சொன்னா, அவன் யாரையாச்சும் பிடிச்சுச் சொல்லிருவான்.”

“இது சுத்திப் போற சேதி இல்ல.”

“அப்படி என்ன வே சேதி?”

சிந்தா மதார் போனைப் பார்த்தபடியே சொன்னார். “கல்லு விழுந்தா விட்டுருன்னு சொல்லணும். எங்கன பொறுக்குனாலும் கல்லுதான்னு சொல்லணும். அன்னைக்கு நான் சொன்னது தப்புன்னு சொல்லணும்.”

“யாருகிட்ட?”

“வீட்டுல.”

சௌந்தரபாண்டியனுக்குச் சிரிப்பு வந்தது. வந்தது அப்படியே நின்றுவிட்டது. “இத்தன வருசமா ஒரே வீட்டுலதான வே இருக்கீரு? நேர்லயே சொல்லிருக்கலாமே” என்றார், குரலை இறக்கி.

“அந்தக் கையப் பாத்தா வரமாட்டேங்குது அண்ணாச்சி.”

சௌந்தரபாண்டியன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அவர் கடையில் பாடிக்கொண்டிருந்த ரேடியோவின் சத்தம் குறைந்தது.

சிந்தா மதார் மறுபடியும் அழுத்திக் காதில் வைத்தார். எங்கோ தொலைவில் மணி போகத் தொடங்கியது. போய்க்கொண்டிருக்கும்போதே முக்காலியிலிருந்து எழுந்தார். முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருந்த சாரத்தை ஒற்றைக் கையால் அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கிவிட்டு, நிமிர்ந்து நின்றார்.